ஐஸ் கம்பெனியில் இன்னொரு தொட்டி

தேவனாம்பட்டினம்
5.7.2009

அன்பு மகள் சரண்யாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், புனேயில் மழை கொட்டுகிறதாமே, நனைந்த தலையோடு ஆபீசில் உட்காராதே. போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம். நம்ம ஐஸ் கம்பெனியில் காத்துக் கிடந்து சலித்துப்போய்ப் படகுக்காரர்கள் வேறு இடம் போனார்களே, இந்த சீசனும் அப்படியே என்றால் இழுத்து மூடவேண்டியதுதான் என்று அப்பா சோறு இறங்காமல் கிடந்தார். ஐஸ் உடைக்கிற மிஷின் முன்னால்தானே கூட்டம், இன்னொரு மிஷின் வாங்கினால் தீர்ந்தது என்று ஒரே பிடிவாதம். நீ நம்ம கம்பெனி மேஸ்திரி கொளஞ்சியிடம் ஒவ்வொரு வேலைக்கும் ஆகிற நேரத்தைப் போனிலேயே கேட்டு வாங்கி, என்னவோ சிமுலேஷன் என்றாயே, நம்ம கம்பெனியையே கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்த்து, மிஷின் இரண்டானாலும் கூட்டம் குறையாது, உறைந்த ஐஸ் கட்டி கழன்று வர கேனை முக்கி எடுக்கிற தண்ணீர்த் தொட்டி ஒன்றே ஒன்று இருப்பதுதான் தாமதம், இன்னொன்று கட்டுங்கள் என்றாய். அதற்கு அப்பா, கம்ப்யூட்டர்ல பொம்ம நகத்துறவளுக்கு ஐஸ் கம்பெனியப் பத்தி என்னா தெரியும் என்றார். என் வாய்க்குப் பயந்துதான் தொட்டி கட்டினார். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான், பொய் சொல்வானேன்.

இப்போது வந்து பார். படகுகள் வந்த கையோடு ஐஸ் ஏற்றிக்கொண்டு கிளம்புகின்றன. ஐஸுக்கு வேறு இடம் தேடிப்போன படகுக்கார மணிவண்ணன் மாமாவே திரும்பி வந்து, என்னா மச்சான், புது மிஷினா என்று கேட்டாராம். மிஷினும் இல்ல ஒண்ணும் இல்ல மச்சான், எம் பொண்ணு வேல என்றாராம் அப்பா. கொளஞ்சி வந்து சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னைப் பெற்றது எனக்கு ரொம்பப் பெருமை சரண்யா, நேரில் சொல்ல வராது, எழுதிவிட்டேன். இன்னொரு விஷயம். ஐஸ் உறைய வைக்கிற இடத்தைப் பெரிதாக்க அப்பா கொத்தனாரைக் கூட்டிவந்து அளந்தும் ஆயிற்று, ஆனால் வேலையைத் தொடங்கச் சொல்லவில்லை. கேட்டால் பாக்கலாம் பாக்கலாம் என்று மழுப்புகிறார், சாயங்காலமானால் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறார். யாரையும் கேட்டு ஒரு காரியம் செய்தவரில்லையே, உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் போடு, நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல் நீயே பேச்செடு. நீ சரி என்று சொல்லாமல் அவர் ஒரு செங்கல் வைக்கமாட்டார்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அம்மா
மலர்க்கொடி