இருநூறு மீட்டர் வடக்கே

கூம்ப்ஸ் க்ரீக், ஐடஹோ
செப்டம்பர் 9

மதிப்பிற்குரிய வெர்லின் அவர்களுக்கு,

தேடல் குழுவிலிருந்து யாரும் இனி உங்களைக் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கூப்பிடவில்லை, எழுதுகிறேன். இதுவும் தவறு என்றால் மன்னியுங்கள். போனில் என் பேச்சு பாதியிலேயே நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நான் நெலிடா. தேடலின்போது வண்டிக்குள் கணினியோடு உட்கார்ந்திருக்கும் வரைபடக்காரப் பெண், ஆட்டுமந்தை வாமானின் மகள். "இவங்க வீட்டுல காலேஜ் போன முதல் ஆளு இவதான், தெரியுமா?" என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது. ஆனாலும் பிடிக்கும்.

நெப்ராஸ்காவில் மகள் வீட்டில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே நம் மோப்ப நாய் ஜூனிப்பர் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. ஒரு குட்டி தலைவர் குர்ட்டின் நாற்காலியை விட்டு இறங்குவதில்லை. அவர் இப்போதெல்லாம் நின்றுகொண்டே கூட்டம் நடத்துகிறார். அப்பா மந்தையை மேல்மேய்ச்சலிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறார். இந்த வருடம் காட்டில் ஹக்கிள்பெர்ரிப் பழம் அள்ள அள்ளக் குறையவில்லை. ஆனால் ரோனா காணாமல் போன சரிவில் யாரும் பறிக்கவில்லை. போகாதே என்று யாரும் யாருக்கும் சொல்லவுமில்லை.

ரோனாவின் தங்கை ஷெரி மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல் வருகிறாள். வரைபடத்தைத் திறக்கச் சொல்லி, தேடியவர்கள் நடந்த வழியை அவரவர் கருவி பதிந்த கோடுகளைத் திரையில் விரலால் தடவுகிறாள். "இங்கல்லாம் பாத்தாச்சுல்ல, நெலிடா?" என்பாள். "பாத்தாச்சுக்கா" என்பேன். போன சனிக்கிழமை அப்படிச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போன மஞ்சள் ஜிபிஎஸ் கருவியை, புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுப்பதற்காகத் துடைத்து வைக்கச் சொன்னார் குர்ட். அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். வரைபடக் கட்டம் என்ற இடத்தில் 1927 என்று இருந்தது.

உங்கள் அப்பாவின் காகித வரைபடத்தோடு பொருந்த வேண்டும் என்று அப்படி வைத்திருக்கிறீர்கள். நாங்கள் எல்லோரும் புதிய கட்டத்துக்கு மாறி வருடங்கள் ஆகின்றன. பூமி ஒன்றுதான், மேலே விரிக்கும் வலைதான் வேறு. பழைய வலையில் ஓர் இடத்துக்குப் படித்த எண்ணைப் புதிய வலையில் குறித்தால், புள்ளி உண்மையான இடத்துக்கு இருநூறு மீட்டர் தெற்கே போய் விழும்.

போன வருடம் ஆகஸ்ட் 23, தேடலின் மூன்றாம் நாள், மதியம். பள்ளத்துக்கு எதிர்முகட்டில் நின்று ரேடியோவில் சொன்னீர்கள்: "விசில் கேக்குதும்மா. மூணு தடவை. காட்டைத் தாண்டி எதிர்ச்சரிவுல. எண் சொல்றேன், குறிச்சுக்க." பள்ளிப் பேருந்து ஓட்டும் ரோனாவின் கழுத்தில் எப்போதும் ஓர் ஆரஞ்சு விசில் தொங்கும். காகிதத்தைப் பார்த்து நீங்கள் எண் படித்தீர்கள், நான் தட்டினேன். ஒன்பது பேர் ஓடினார்கள். அங்கே வெறும் பாறை. அப்புறம் ரேடியோவில் யாரோ, "பெருசு, காதுல மாட்டியிருக்கியே மிஷினு, அதைக் கழட்டிட்டுக் கேளு. அதான் விசிலடிக்குது!" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுவாரம் நீங்கள் குழுச் சட்டையையும் ரேடியோவையும் கருவியையும் வைத்துவிட்டு, "என் காதை எனக்கே நம்ப முடியல" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

உங்கள் காதில் பிழை இல்லை. எண் வாங்கும்போது எந்தக் கட்டம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பது என் வேலை. படிவத்தில் அதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது. முப்பது வருடமாகத் தேடுகிற மனிதரிடம் நான் போய்க் கேட்பதா என்று கூச்சப்பட்டு, புதிய கட்டம் என்று பெட்டியை நானே நிரப்பிவிட்டேன். இதைச் சொன்னால் உங்களுக்கு ஒரு பாரம் இறங்கி, அதைவிடப் பெரிய பாரம் ஏறும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அந்தப் பெரிய பாரம் உங்களுடையது அல்ல, என்னுடையது.

புள்ளியை இருநூறு மீட்டர் வடக்கே நகர்த்திப் பார்த்தேன். அது ஒரு வெள்ளைத் திட்டில் விழுந்தது. ஐம்பத்தாறு பேர் நடந்த கோடுகள் அந்தச் சரிவெங்கும் நூல்கண்டு போலக் கிடக்கின்றன. நடுவில் பள்ளி மைதானம் அளவு இடம் மட்டும் வெள்ளை. குர்ட்டிடம் காட்டினேன். "அது நடுவுல நேராப் போனேனே நானு!" என்றார். அவருடைய கோடு திட்டைத் தொடாமல் வில்லாக வளைந்து போகிறது. இன்னும் இருவரிடம் கேட்டேன். அவர்களும் நேராகத்தான் போனார்களாம். அவர்கள் கோடுகளும் வளைகின்றன. குர்ட் என்னைப் பார்த்து, "மெஷினை மாத்து பொண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கட்டம் பற்றி அவரிடம் சொல்ல அப்போது வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். தனியாகப் போகக் கூடாது என்ற விதியை மீறித்தான். திசைகாட்டியைக் கையில் பிடித்து, வடக்கிலிருந்து கண்ணெடுக்காமல் நடந்தேன். புதர்களில் பழம் கனிந்து, வெடித்து, கிளை தரையில் படுத்திருந்தது. கரடிகூடத் தின்றிருக்கவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் மறுபக்கம் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து என் கோட்டைத் திறந்தேன். அதுவும் வளைந்திருந்தது.

நேற்று குர்ட்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என் தவறையும் சேர்த்து. அவர் நாய்க்குட்டியை நாற்காலியிலிருந்து தூக்கிக் கீழே விட்டார். பிறகு, "வளையாம இருக்கக் கயிறு கட்டிக்கிட்டுப் போவோம்" என்றார். 19ஆம் தேதி போகிறோம். அதற்கப்புறம் பனி விழுந்துவிடும். ஷெரியிடம் நானேதான் சொல்வேன்.

ஒன்றை மட்டும் குர்ட்டிடம் சொல்லவில்லை. மறுபக்கம் வந்து நின்றபோது, எனக்குப் பின்னால் விசில் கேட்டது. மூன்று தடவை. ஒரு வருடம் கழித்து, காற்றில்லாத மதியத்தில். என் காதில் எந்தக் கருவியும் இல்லை, வெர்லின்.

19ஆம் தேதிக்குள் வந்துவிடுங்கள். காட்டுக்குள் இறங்க வேண்டாம், முழங்காலை வைத்துக்கொண்டு அது முடியாது. அதே எதிர்முகட்டில், அதே காகிதத்தோடு நின்றால் போதும். உங்களுக்கும் கேட்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். கேட்டால் எண்ணைச் சொல்லுங்கள். இந்த முறை எந்தக் கட்டம் என்று கேட்பேன்.

நீங்கள் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று அம்மா மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். எதற்கென்று அவளுக்குச் சொல்லவில்லை.

பணிவுடன்,
நெலிடா வாமான்