இரண்டு வீட்டிலும் ஜேபஸ்

ஸ்கார்விக், யார்க்‌ஷர்
1868 நவம்பர் 9

என் அருமை லெட்டிக்கு,

கர்த்தர் உன்னை நல்ல சுகத்தோடு வைத்திருக்க வேண்டும். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னாலேயே செய்தி சொல்லிவிடுகிறது. இந்த வருஷம் ஹெர்ரிங் மீன் ஏராளம், ஊரே அந்த வாடையில்தான் மிதக்கிறது. உன் பூனை பக்கத்து வீட்டுத் திருமதி பெல்லிடம் குடிபோய்விட்டது. அங்கே மீன்தலை தாராளமாகக் கிடைக்கிறதாம். நன்றி கெட்டது.

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. பதில் எழுதாமல் இருந்தது சோம்பலால் இல்லை. ஒரு காரியத்தை முடித்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

ஜேபஸ் உன்னிடம் வருகிறான் என்று எழுதியிருந்தாய். தொப்பிக் கடை வேலை முடிந்து நீ திரும்பும்போது மாடிப்படிக்குக் கீழே நிற்கிறான், சட்டையெல்லாம் தண்ணீர் சொட்டுகிறது, வாயைத் திறப்பதில்லை, உன்னையே பார்க்கிறான் என்று. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா அம்மா என்று கேட்டிருந்தாய். இல்லை, கண்ணே. அவன் இங்கேயும் வந்துகொண்டிருந்தான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. போன வருஷம் நீ லீட்ஸுக்கு வண்டி ஏறிய மறுநாள், சாயங்காலத் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினால், ஜன்னலோர நாற்காலியில் எனக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறான். தலைமுடி உலர்ந்து, வழக்கம்போல் பின்னால் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்குப் பயமே வரவில்லை. அன்றிலிருந்து தினமும் வந்தான். நான் ஊர்க்கதையெல்லாம் சொல்வேன். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பெற்றவளுக்கு முதுகே போதுமாயிருந்தது, லெட்டி.

ஒரு நாள் திருமதி பெல் வந்து அந்த நாற்காலியில் உட்காரப் போனாள். என்னை அறியாமல் கத்திவிட்டேன். அவள், "ஏன் டார்கஸ், விக்டோரியா ராணிக்குன்னு எடுத்து வச்சிருக்கியா? சொல்லு, நான் தரையில உட்கார்ந்துக்கறேன்" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன்.

இதையெல்லாம் சந்தோஷம் என்றுதான் நினைத்திருந்தேன், உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படிக்கும் வரை. கடைசியாக அவனிடம், "போ, எங்கயாவது போய்த் தொலை" என்று சொன்னாயே, அந்த வார்த்தைதான் அவனைக் கொன்றது என்று எழுதியிருந்தாய். அதனால்தான் அப்படி ஈரத்தோடு நின்று கணக்குக் கேட்கிறான் என்றும், இனி உனக்கு வேறு வாழ்க்கையே கிடையாது என்றும்.

மகளே, நான் உனக்கு இரண்டு தப்புச் செய்திருக்கிறேன். நம் ஹார்லண்ட் வீட்டு ஆண்களுக்கு முப்பத்திநாலு தாண்டாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. என் மாமனார் அந்த வயதில்தான் கடலோடு போனார். என் வீட்டுக்காரரும் அப்படியே, இப்போது ஜேபஸும். நீ வெளியூர்ப் பெண், உனக்குத் தெரியாது. தெரிந்தால் என் பிள்ளையைக் கட்டிக்கொள்ளமாட்டாயோ என்று வாயை மூடிக்கொண்டேன். அது முதல் தப்பு. அது விதியா, இந்தக் கரையின் பாறைகளா, எனக்குத் தெரியாது. உன் வார்த்தை இல்லை என்பது மட்டும் தெரியும்.

இரண்டாவது அதைவிடப் பெரியது. அன்று காலை உன்னோடு சண்டை போட்டுவிட்டு அவன் நேரே என் அடுப்பங்கரைக்குத்தான் வந்தான். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே, "அம்மா, தப்பு முழுக்க என்மேலதான். அவ திட்டுனது கம்மி. சாயங்காலம் வந்து சமாதானம் பண்ணிக்கறேன். அதுவரைக்கும் அவகிட்ட நல்லதா நாலு வார்த்தை சொல்லி வை" என்றான். சிரித்துக்கொண்டேதான் படகுக்குப் போனான்.

நான் சொல்லவில்லை. படகு கவிழ்ந்த செய்தி வந்ததும் யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. உன்மேல் பட்டேன். நீ அழுது அழுது சாப்பிடாமல் கிடந்தபோதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோதும் அந்த வார்த்தைகளை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அவன் கடைசியாகப் பேசியது என்னிடம் என்கிற பெருமை வேறு. உன் கடிதத்தைப் படித்தபோதுதான் உறைத்தது. அவன் உன்னிடம் கணக்குக் கேட்க வரவில்லை. சொல்ல வேண்டியதை நான் பிடித்து வைத்திருக்கிறேன். அதனால்தான் அங்கே வாய் திறக்க முடியாமல் நிற்கிறான், இங்கே என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறான்.

அன்று சாயங்காலம் அவன் வந்ததும் பக்கத்தில் போய் நின்றேன். "ஜேபஸ், நீ சொன்னதை நான் லெட்டிக்கு எழுதிடறேன்டா. ஒரு வார்த்தை விடாம எழுதறேன். நீ போ ராசா" என்றேன்.

வலையைக் கீழே வைத்தான். திரும்பினான். ஒரு வருஷத்துக்குப் பிறகு என் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன், லெட்டி. கோபம் இல்லை. எழுந்து, வாசல்நிலை இடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். இன்றோடு பன்னிரண்டு நாள், திரும்பி வரவில்லை. அது நிச்சயமாகத்தான் இத்தனை நாள் எழுதாமல் காத்திருந்தேன். அந்த நாற்காலியில் இப்போது திருமதி பெல்தான் உட்காருகிறாள், நன்றாக நிறைத்துக்கொண்டு.

இன்னொன்று. மழையில் உனக்குக் குடை கொடுத்த அச்சுக்கூடத்துக்காரரைப் பற்றி ஒரே கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். நீ கவனிக்கவில்லை போலிருக்கிறது. நான் கவனித்தேன். நல்ல மனிதராக இருந்தால் கிறிஸ்துமஸுக்கு அழைத்துக்கொண்டு வா. மாமியார் வீட்டுக்கு எப்படி என்று கூச்சப்படாதே. பெண் பிறந்த வீட்டுக்கு வருவதாகத்தான் ஊருக்குச் சொல்லப்போகிறேன். உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் முப்பத்திநாலையும் தாண்டி, தலை நரைத்துக் கிழமாகட்டும்.

இதைப் படித்த பிறகு அந்த மாடிப்படியில் யாரும் நிற்கிறார்களா என்று எனக்கு எழுது. இல்லை என்றுதான் எழுதுவாய், தெரியும். அதை எழுத மட்டும் அவசரப்படாதே, கண்ணே. கொஞ்ச நாள் போகட்டும். அதுவரை அவன் அங்கேயாவது நிற்கிறான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
டார்கஸ் ஹார்லண்ட்