லெஸ்லி கேட்ட கேக்

ஜனவரி 14, செவ்வாய்

கீமோ முடிந்தும் லெஸ்லிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்றும் நாலு வாய்க் கஞ்சியோடு கோப்பையைத் தள்ளிவிட்டார். எதைத் தின்றாலும் தகரத்தை நக்குவது போல இருக்கிறதாம். கலியாணம் கட்டின நாளிலிருந்து “காணும், எழும்புங்கோ” என்று இந்த மனுசனை மேசையிலிருந்து எழுப்பியவள் நான். இப்போது இன்னொரு கரண்டி கேட்கமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டு இருக்கிறேன்.

ஜனவரி 16

ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். இன்னும் குறைந்திருக்கிறது. கொஞ்சமாகத் தின்றாலும் சத்துச் செறிந்ததாக இருக்கட்டும் என்றார் உணவு ஆலோசகர்: பட்டர், கொட்டை வகை, முட்டை, சீனி. இவ்வளவு காலமும் அவருக்கு நான் ஒளித்து வைத்ததெல்லாம்.

வரும்போது பஸ்ஸில், யன்னலைப் பார்த்தபடி, “லின்ஸர் கேக் எண்டால் தின்னுவன்” என்றார். லண்டனுக்கு வரமுதல் ஜெர்மனிக்குப் பக்கத்து ஒஸ்ரியாவில், லின்ஸ் என்ற ஊரில், ஒரு குளிர்காலம் அகதியாக இருந்தவர். இந்தக் கேக்கைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. அங்கே யார் செய்து கொடுத்தார்கள்?

ஜனவரி 18

மகள் பெனிற்றா செய்முறை தேடித் தந்தாள். அரைத்த ஹேசல் கொட்டை, பட்டர், மா, கறுவா, கராம்பு. அதன்மேல் புளிப்பான சிவப்புப் பழ ஜாம். அதற்கும் மேலே பாய் பின்னியது போல மாப்பட்டிகள். ஒரு துண்டே நானூறு கலோரிக்குக் கிட்ட வரும் என்றாள். சந்தோஷப்பட்டேன்.

சூட்டோடு வெட்டினேன் — பொலபொலவென்று உதிர்ந்து போச்சு. பார்த்துக்கொண்டிருந்த மனுசன் போய்ப் படுத்திட்டார். என்ரை அவசரம். வேறென்ன?

ஜனவரி 20

மிச்சத்தை மூடி வைத்ததில் ஜாமின் ஈரம் ஊறி, கேக் இறுகி, இன்று அழகாக வெட்டுப்பட்டது. ஆறப்போட்டால்தான் பதம் வருகிற சாதி போல. லெஸ்லி ஒரு துண்டு முழுதும் தின்றார். புளிப்புத் தெரிகிறதாம். அங்கே தின்றது போல இருக்கிறதா என்று பயந்து பயந்து கேட்டேன். தட்டில் கிடந்த துகளை விரலால் ஒற்றி எடுத்தார்.

“தெரியாது, றஜீனா. அங்கை நான் ஒருநாளும் தின்னேல்லை. பேக்கரி வாசலிலை நிண்டு மணந்தது மட்டுந்தான்.”

குசினிக்குள் வந்து அழுதேன். நான் கண்டிராத அந்தப் பெடியனுக்கு, அந்த வாசலிலை, ஒரு துண்டு வாங்கிக் குடுக்க ஏலாமல் போச்சே.

பெப்ரவரி 3

இன்னொன்று சுட்டேன். எடை ஏறவில்லை, குறையவும் இல்லை. செபமாலையில் அதற்கே நன்றி சொன்னேன்.

மார்ச் 1, சனி

லெஸ்லி தனியே மோர்டன் கடைகள்வரை நடந்து போய் வந்தார். கையில் பாரை மீன். இனிப்பு அலுத்துவிட்டதாம். “உறைப்பா வையும்” என்று சொல்லி, அடுப்படியிலேயே கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். குழம்பு கொதிக்கமுதலே இரண்டு தரம் கேட்டார். பொறுங்கோ என்று அதட்டினேன் — எவ்வளவு காலத்துக்குப் பிறகு.