அல்லிமேடு எங்கே இருக்கிறது

மார்ச் 3, காலை 7.10
அல்லிமேடு தகவல் நிலையம், வியாழனைச் சுற்றும் பாதை. காற்று வடிகட்டி சரி. அலைவாங்கி சரி. காவல்: ஜெசிந்தா, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. வேறு ஆள் இல்லை.

உபரி வேலை: ‘நீலவெளி’ சிறுகதைத் தொகுப்புகள் மூன்றுக்குப் பத்திரிகை மதிப்புரை. நீலவெளி என்ற விண்வெளித் திரைப்பட வரிசையின் உலகை வைத்துப் பலர் எழுதிய கதைகள். இந்த நிலையத்தின் பெயரே அந்தப் படங்களில் வரும் கற்பனை ஊரின் பெயர், ரசிகர்கள் வாக்களித்து வைத்தது.

முதல் தொகுப்பு மோசம். எடுத்துக்காட்டு: நாயகர்கள் சாகக்கூடாது என்பது படநிறுவனத்தின் விதி. ஆகவே அந்த ஒரு கதைக்கு மட்டும் புதிதாக வந்தவர், மகளின் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர், மூன்றாம் பக்கத்தில் சாகிறார். எல்லாக் கதையிலும் ஒரு சட்டைப்பை.

ஏப்ரல் 11, மாலை 4.30
வடிகட்டி அடைக்கத் தொடங்கியிருக்கிறது. மாற்று வடிகட்டி கேட்டேன். பூமிக் கட்டுப்பாட்டிலிருந்து பெனடிக்ட்:

“கலம் கிளம்பிடுச்சு டீச்சர். ஆளுங்க தூங்குறாங்க, மெஷின் ஓட்டுது. நீங்க நிம்மதியா திட்டி எழுதுங்க.”

இரண்டாம் தொகுப்பில் அல்லிமேடு ஒரு கதையில் செவ்வாய்க்குப் பக்கம், அடுத்த கதையில் சனிக்குப் பக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளை மதுரையைக் கடற்கரையில் வரைந்ததைத் திருத்தியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகூட ஒரே தாளில் இரண்டு மதுரை வரைந்ததில்லை. இதை அப்படியே மதிப்புரையில் எழுதி அனுப்பிவிட்டேன்.

மே 2, இரவு 9.05
மதிப்புரை வெளிவந்துவிட்டது. தொகுப்பாசிரியர் தயாளனின் பதில்:

“டீச்சரம்மா, கற்பனை ஊர் எங்க இருந்தா என்ன? கதை ஓடுதான்னு பாருங்க.”

ஊர் எங்கே என்று தெரியாமல் ஓடுகிற கதை எங்கும் போய்ச் சேராது என்று எழுதினேன். மாலையே மறுபதில்:

“உங்களுக்காகவே சனி பக்கத்துல நிலையா வச்சாச்சு. நீலவெளி வழிகாட்டியில திருத்தியாச்சு, யார் வேணா திருத்தலாம்ங்கிற பொது விண்வரைபடத்துலயும் ஏத்தியாச்சு. இப்ப சந்தோஷமா?”

இல்லை. அல்லிமேடு என்று உண்மையிலேயே ஓர் இடம் இருக்கிறது. நான் அதில் உட்கார்ந்திருக்கிறேன்.

மே 29, மதியம் 1.40
தலைவலி. காற்றில் பாதி கெட்டது. ஒரு அறையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடினேன். கலம் இன்று வரவேண்டும். வந்தது குரல்தான், கேப்டன் ரெஜினா:

“டீச்சர், எழுந்துட்டோம். அல்லிமேடு வந்தாச்சுன்னு மெஷின் சொல்லுது. வெளியில சனியோட வளையம்தான் தெரியுது. நீங்க எங்க இருக்கீங்க?”

பிறகு பெனடிக்ட்:

“மெஷினுக்குப் போற இடத்தோட பேரை மட்டும்தான் கொடுத்தோம் டீச்சர். நடுவழியில பொது வரைபடம் மாறியிருக்கு, மெஷினும் பாதையை மாத்தி, தேதி தவறாம இருக்க வேகத்தையும் கூட்டிக்கிச்சு. நாங்க யாரும் கவனிக்கல. திருப்பச் சொல்லிட்டேன். கொஞ்சம் தாங்குங்க.”

சனியிலிருந்து இங்கே வர அவர்களுக்கு ஐந்து வாரம். என்னிடம் ஒரு வாரக் காற்று. வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டால் கடைசி வரிசைப் பிள்ளைகூட விடை சொல்லும்.

ஜூன் 4, நேரம் பார்க்கவில்லை
எழுத்து கோணுகிறது. மன்னிக்கவும்.

தயாளன் ஒரு கதை அனுப்பியிருக்கிறார். மூன்றாம் தொகுப்பின் மறுபதிப்பில் சேர்ப்பாராம்.

“விஷயம் கேள்விப்பட்டேன் டீச்சர். மனசு கேக்கல. உங்களையே பாத்திரமா வச்சிருக்கேன். கடைசில காப்பாத்திடுறேன், பயப்படாதீங்க.”

படித்தேன். குறைகள். நிலையத்துக்கு ஜன்னல் இருப்பதாக எழுதியிருக்கிறார். இல்லை. என் சட்டைப்பையில் மகளின் படம். எனக்கு மகள் இல்லை. சட்டைப்பையும் இல்லை.

மூன்றாம் பக்கத்தைத் திருப்பவில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு. வழிகாட்டியை நம்பவேண்டாம். குறித்துக்கொள்ளுங்கள். அல்லிமேடு இருப்பது வியா