அப்பாவின் பெரிய சீட்டுகள்

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

விரலில் சின்னக் கீறல், நேற்று கம்பெனியில் லீவு கொடுத்தார்கள், பயப்படாதே. அறையில் சீட்டுக்கட்டு வைத்துக் கழுதை ஆட்டம் ஆடினோம். கடைசிவரை சீட்டோடு நிற்பவன்தான் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்று நம் வீட்டு வழக்கத்தையும் சொன்னேன். அப்பா மாதிரியே ஏஸையும் ராஜாவையும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். எல்லா ஆட்டத்திலும் நானே கழுதை!

"பெரிய சீட்டை முதல்லயே எறியணும்டா. வச்சிருந்தா, அந்த இனம் இல்லாதவன் வேற சீட்டு போட்டு வெட்டுவான், எல்லாத்தையும் நீதான் அள்ளணும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!" என்றார் அறையில் இருக்கும் வெல்டர்.

அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தினமும் தோற்று அவர் பாத்திரம் தேய்ப்பார். நீ காலை நீட்டி உட்கார்ந்து சிரிப்பாயே.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் நம் பழைய சீட்டுக்கட்டைக் கொடுத்தனுப்பு. இங்கே வாங்கியது வழுக்குகிறது. வேலைக்குப் போகும் வேன் ஹாரன் அடிக்கிறது. ஊருக்கு வரும்போது அந்தக் கட்டைத் திரும்பக் கொண்டுவருகிறேன். அன்றைக்கு நான்தான் கழுதை. அப்பாவிடம் சொல்லிவிடாதே.

உன் மகன்