பூவாடைக்காரிக்குப் படைத்த பச்சைப் புடவை

என் ஆசை அக்கா,

உன்மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான். செத்துப்போனவள்மேல் என்ன பொறாமை என்று கேட்பவர்கள், அக்கா புருஷனுக்கே வாழ்க்கைப்பட்டுப் பார்க்கட்டும்.

ஆடிக் கிருத்திகைக்கு அண்ணி வந்திருந்தாள், பாவாவின் அக்கா. உன் புருஷனாக இருந்தபோது பாவா என்று கூப்பிட்ட வாய், என் புருஷனான பிறகும் மாறவில்லை. காவடிக் கூட்டத்தில் மலை ஏறி இறங்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவள், முதல் வாயிலேயே ஆரம்பித்தாள். "பெரியவ வெச்சா இந்தக் கொழம்பு தெருவே மணக்கும்." டிரான்சிஸ்டரில் காதை வைத்திருந்த பாவா, "ஆங்" என்றார். அண்ணி சொன்னதைவிட அந்த "ஆங்"தான் எனக்கு வலித்தது.

யாராவது குத்திப் பேசினால் நீ வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வாய். மென்று முடிப்பதற்குள் எதிராளிக்குப் பேச்சு தீர்ந்துபோகும். நான் அப்படியா? தட்டைத் தூக்கிப் போட்டு, அழுது, தெருவைக் கூட்டி, கடைசியில் நானே கெட்டவளாவேன். அதற்கும் "பெரியவ இப்டியெல்லாம் பேசமாட்டா" என்பார்கள்.

இந்த முறை கரண்டியைக் கீழே வைத்தேன். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணி, உப்பு கம்மின்னா சொல்லுங்க, போடறேன். அக்காவ மட்டும் என் கொழம்புல போடாதீங்க. வெள்ளிக்கிழம அவளுக்குப் படைக்கிறோம். அன்னிக்கு எவ்ளோ வேணா பேசுங்க, நானும் ஒக்காந்து அழறேன்."

"நா இன்னாத்த சொல்லிட்டேன், சும்மா பேசிகினு இருந்தேன்" என்று முனகினாள் அண்ணி. நான் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. வெற்றிலை இல்லாமலே எனக்கும் அது வந்துவிட்டது.

சுமங்கலியாகப் போனவள் நீ. வெள்ளிக்கிழமை உன்னைப் பூவாடைக்காரியாக வைத்து, புதுப்புடவை சாத்திக் கும்பிட்டோம். இலைப்பச்சை, உனக்குப் பிடித்த நிறம். எனக்கென்றால் கையில் கிடைத்ததை எடுத்து வருகிற மனிதர், உனக்கென்றால் கடை கடையாக ஏறி இறங்குகிறார். படைத்த புடவையை அந்த வீட்டுப் பெண் கட்டிக்கொள்வதுதானே வழக்கம்? இவர் மட்டும் வருஷா வருஷம் அதை மடித்து உன் டிரங்குப் பெட்டியில் பூட்டிவிடுவார். இந்த வருஷமும் பெட்டியைத் திறந்தார்.

"பாவா, அந்தப் பொடவைய நான் கட்டிக்கறேன்."

"அது அவளோடது."

"அவளுக்குப் படைச்சாச்சு. இனிமே அது வூட்டுக்காரிக்கு. இந்த வூட்டுக்காரி யாருன்னு நீங்களே சொல்லுங்க."

புடவையை உள்ளே வைக்காமலே பெட்டியை மூடினார். பிறகு புடவையை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

கட்டிக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றேன். "அப்டியே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "ஒனக்கு நல்லாக்கீது" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் எனக்கா அக்கா, உனக்கா?

நெஞ்சு எரிந்தது. ஆனாலும் கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டேன். அது உங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது, அதில் நான் கை வைக்கமாட்டேன்.

ஆனால் ஒன்று. அடுத்த ஆடிக்கு உனக்குப் புடவை எடுக்கப்போவது நான். நல்லதாகவே எடுப்பேன், எனக்குப் பிடித்த அரக்குச் சிவப்பில். பிடிக்கவில்லையென்றால் கனவில் வந்து சண்டை போடு. சத்தியமாக, குரலை உயர்த்தமாட்டேன்.

உன் தங்கை,
இந்த வீட்டுக்காரி