வீடு நிறையக் கையெழுத்து

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுங்கள். அந்தக் காலத்துக் கணக்கு மேதைகள் கையெழுத்துப் போட்ட கடிதங்களைத் தொடுவதற்கென்று வெள்ளைக் கையுறை வாங்கி வைத்தீர்களே, அதைப் போட்டுக்கொண்டுதான் அடுப்பிலிருந்து குக்கரை இறக்குகிறேன். நல்ல துணி, சுடுவதே இல்லை. இடது கை மட்டும் கொஞ்சம் கருகியிருக்கிறது.

மற்றபடி உங்கள் அறை பத்திரம். வெயில் பட்டால் மை வெளுத்துவிடும் என்றீர்கள், திரையைத் திறப்பதில்லை. ஈரம் இழுக்கும் மெஷினில் சேரும் தண்ணீரைத் தினமும் நான்தான் கொட்டுகிறேன். முன்பெல்லாம் ஒரே மூச்சில் தூக்கிப் போவேன். இப்போது வழியில் கீழே வைத்து வைத்துத் தூக்க வேண்டியிருக்கிறது. உங்கள் தம்பி பார்த்துவிட்டு, "அண்ணி, உங்களையும் ஒரு பிளாஸ்டிக் உறையில போட்டு வச்சிரலாமா?" என்கிறான். அண்ணனுக்குத் தப்பாத தம்பி.

டாக்டரம்மா மறுபடி பார்த்தார். கட்டி பெரிதாகிவிட்டதாம். கர்ப்பப்பையோடு எடுத்துவிட வேண்டுமாம், இனியும் தள்ளிப்போடக் கூடாதாம். "வாடகை தராம இத்தனை நாள் குடியிருந்திருக்கு பாருங்க டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் எங்கே என்றார். கடிதம் வாங்கப் போயிருக்கிறார் என்றேன். யாருடைய கடிதம் என்றார். செத்துப்போனவருடையது என்றேன்.

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று உங்கள் கையெழுத்து வேண்டுமாம். அது இருந்தால்தான் கட்டில் தருவார்கள். வீடு நிறையக் கையெழுத்து இருக்கிறது, எனக்கு வேண்டிய ஒன்றுதான் இல்லை. "நானே போட்டுர்றேன் அண்ணி, அண்ணன் கையெழுத்து மண்புழு மாதிரிதானே" என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, போலியாகப் போட்டவன் கோடு நடுங்கும் பார் என்று காட்டியவர் நீங்கள். அதைப் பார்த்த பிறகு எனக்குப் போலி பிடிப்பதில்லை.

அங்கே அந்தப் பெரியவர் இன்னும் கடிதத்தை விற்க மனசு வைக்கவில்லையா? அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லி உங்களைச் சதுரங்கம் ஆடவைக்கிறாராமே. கடிதம் கைமாறினால் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், அப்புறம் அவருக்கு யார் துணை? ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கே இது தெரிகிறது.

உங்கள் மேதைகளில் அந்தத் தாடிக்காரர் தன் மனைவிக்கு எழுதியதை ஒரு நாள் படித்துச் சொன்னீர்கள். வேலை முடியவில்லை, இந்த மாதமும் வர முடியாது என்று எழுதியிருந்தார். அந்த அம்மா என்ன பதில் எழுதினார் என்று கேட்டேன். அதையெல்லாம் யார் எடுத்து வைத்தார்கள் என்றீர்கள். தண்ணீர் கொட்டப் போகும்போது சில நாள் அந்த அம்மாவை நினைத்துக்கொள்கிறேன்.

பயம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். கையெழுத்தைத் தபாலில் அனுப்பாதீர்கள். வந்து போடுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். அந்தப் பெரியவரும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மெஷினுக்குத் தண்ணீர் கொட்டுகிறவள்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள், கையெழுத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் தவணை கேட்கலாமென்று ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். சம்மதத் தாள் கசங்கக் கூடாதென்று அதையும் உங்கள் பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். அறை இருட்டு. பக்கத்திலிருந்த உறையை எடுத்துப் போய்விட்டேன். அதில் இருந்தது நீங்கள் போன வருடம் வாங்கிவந்த வழுக்கைத்தலை மேதையின் கடிதம். கவுண்டரில் இருந்த பெண் கீழே கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். இருந்தது. ஊதா முத்திரை குத்தி, வார்டு எண் எழுதி, இரண்டு ஓட்டை போட்டு ஃபைலில் கோத்துவிட்டாள். ஜன்னலோரக் கட்டில் கிடைத்துவிட்டது. கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். உரியவர் நேரில் வந்தால்தான் தருவார்களாம்.